வயிறு: இயல்பு

அவருக்கு மனித உடம்பு என்றால் அருவருப்பு. அவருடைய தொழிலோ, காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை மனித உடம்பைத் தொடுவது. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களிடம் அவர் கோபித்துக்கொள்வதில்லை. "சாக்கடை சுத்தம் பண்றவன் சாக்கடைய விரும்பியா எறங்குறான்?" என்று மட்டும் கேட்பார். கேட்டுக்கொண்டே கையைக் கழுவுவார்.

நோயாளிகள் தங்கள் முதுகை அவரிடம் கொடுத்து வைப்பார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் அவரைச் 'சோப்பு' என்பார்கள். ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில் இரண்டு முறை, முழங்கை வரை, நகத்தடியில் குச்சி விட்டுக் கழுவுகிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பது? கிளினிக் இருந்ததும் முகம் கழுவும் தொட்டிகளும் குழாய்களும் விற்கும் கடைக்கு நேர் மேல்மாடியில். தற்செயல்தான். ஆனால் பட்டப்பெயர் வைக்கிறவர்களுக்குத் தற்செயல் என்று ஒன்று கிடையாது. "அதான் கீழேயே கடைய வெச்சிருக்காரு" என்று முடித்துவிட்டார்கள்.

வாசல் பலகையில் 'ஆஸ்டியோபதி' என்று எழுதியிருக்கும். மாத்திரை இல்லை, ஊசி இல்லை. எலும்பும் மூட்டும் தசையும் எங்கே இறுகிக் கிடக்கின்றன என்று கையாலேயே தேடி, கையாலேயே அழுத்தி, இழுத்து, வளைத்து, இளக்கிவிடுகிற வைத்தியம். படித்துப் பட்டம் வாங்கி வரவேண்டிய படிப்புதான். இருந்தாலும் மாடியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் அவரை உடம்பு பிடித்துவிடுகிறவர் என்றும், மீதிப் பேர் எலும்பைத் தட்டி ஒட்டுகிறவர் என்றும் நினைத்துக்கொண்டு வந்தார்கள். யாரையும் அவர் திருத்தியதில்லை. திருத்த வேண்டுமானால் பக்கத்தில் போய்ப் பேச வேண்டும், வாய் நாறும்.

அருவருப்புக்கு என்ன குறை அங்கே? கட்டிலில் விரித்த காகிதம் வியர்வை முதுகில் ஒட்டி, எழும்போது பர்ரென்று கிழிந்து, வால் மாதிரி தொங்கும். குப்புறப் படுப்பவர்கள் முகம் வைத்துக்கொள்ள கட்டிலின் தலைப்பக்கத்தில் ஒரு ஓட்டை. அதற்கு நேர் கீழே தரையில் அவர் தினமும் ஒரு பழைய செய்தித்தாளைப் போட்டு வைப்பார். சுகமாகத் தூங்கிப்போகிறவர்களின் எச்சில் அதில் சொட்டும். வங்கி அதிகாரி, பள்ளி ஆசிரியை, பெரிய வக்கீல் எல்லோருக்கும் ஒரே எச்சில்தான். சமத்துவம் என்பதை அவர் நேரில் கண்டது அந்தச் செய்தித்தாளில் மட்டும்தான். பிறகு நைலான் காலுறைகள். அதைப் பற்றி அவர் வீட்டில்கூடப் பேசமாட்டார்.

ஆனால் ஊரில் அவரைப்போல் கை உள்ளவர் இல்லை. அதுதான் வேடிக்கை. மூன்று இடங்களில் காட்டி, நான்கு படங்கள் எடுத்து, ஒன்றும் புரியாமல் வருகிறவரின் முதுகில் அவர் இரண்டு விரலை வைத்து, பட்டும் படாமலும் நகர்த்தி, ஒரு இடத்தில் நின்று, "இங்கதான்" என்பார். அங்கேதான். அதற்கு அவர் வைத்திருந்த விளக்கம் அவருடைய மனைவிக்கு மட்டும் தெரியும். உடம்பைத் தொடப் பிடித்தவன் தனக்குப் பிடித்ததைத் தொடுகிறான்; தொடக் கூசுகிறவன்தான் அங்கே உள்ளதைத் தொடுகிறான் என்பார். வழுக்குகிற தரையில் நடக்கும்போது பாதமெல்லாம் கண்ணாகிவிடும் அல்லவா, அதுபோல.

"ஆமாமா. கல்யாணமான அன்னிக்கே என் கையப் புடிச்சுட்டு, நேரா போய்க் கை கழுவின மனுஷன்தானே நீங்க" என்பாள் மனைவி. இருபத்திரண்டு வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் இருபத்திரண்டு வருடமாக, "அன்னிக்கு எல்லாரும் வந்து கை குலுக்கினாங்க" என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவளுக்கும் தெரியாத ஒன்று உண்டு. அவர் வயிற்றைத் தொடுவதில்லை.

முதுகு வலி என்று வருகிறவர்களின் வயிற்றையும் அமுக்கிப் பார்க்க வேண்டும் என்பது அந்தப் படிப்பில் முதல் வருடத்திலேயே சொல்லித்தருகிற பாடம். முதுகில் தெரிகிற வலியெல்லாம் முதுகில் பிறந்ததல்ல. சிறுநீரகம், குடல், பெரிய ரத்தக்குழாய் என்று முன்பக்கத்துச் சரக்குகள் பின்பக்கம் வந்து கதவைத் தட்டும். அவருக்கு அது தெரியாதா என்ன, பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கிய கேள்வி அது. ஆனால் பயிற்சியின்போது ஒரு பெரியவரின் வயிற்றில் கைவைக்க, உள்ளே ஏதோ ஒன்று அவர் விரல்களுக்கடியில், ஈரச் சாக்குக்குள் எலி நகர்வதுபோல மெதுவாக நகர்ந்து போனது. ஓடிப்போய்க் கழுவினார். முதுகு மூடின கதவு. தட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். வயிறு அப்படியில்லை. பாதி மென்றதும், ஊறிக் கிடப்பதும், புளித்துக் குமிழ் விடுவதும் கைக்கு அந்தப் பக்கம் ஒரு விரற்கடையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே எப்படி அமுக்குவது?

ஆகவே பரிசோதனைத் தாளில் 'வயிறு' என்ற கட்டம் வரும்போது 'இயல்பு' என்பதற்கு நேராக ஒரு டிக் போடுவார். தொடாமல். பதினாறு வருடமாக. பேனா நன்றாக ஓடும்.

இப்படியாக, அருவருப்பால் பேர் வாங்கிய மனிதர், அதே அருவருப்பால் பொய் எழுதுகிறவராகவும் இருந்தார். இரண்டும் ஒரே கைதான்.

அவர் உலகத்திலேயே அதிகமாக அருவருத்தது மனைவியின் அண்ணனை. அவருக்கு மச்சான். டயர் கடை வைத்திருந்த மச்சானுக்கு அறுபத்தாறு வயது. அதில் ஐம்பது வருடம் சிகரெட்டோடு போனது. வீட்டுக்கு வந்தால் அழைப்பு மணியை அடிக்கமாட்டார், வாசலில் நின்று ஒரு ஏப்பம் விடுவார். வண்டிச் சாவியால் காது குடைந்து, எடுத்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்தியானால் சோபா உறையில் துடைப்பார். மச்சான் போன பிறகு சோபா உறை துவைக்கப் போகும். "எங்க அண்ணன் பொறப்புலயே அப்படித்தாங்க" என்பாள் மனைவி. அதுதான் பயமே என்பார் இவர், மனசுக்குள்.

மச்சானுக்கும் இவர்மேல் அதே அளவு மரியாதை. "டாக்டருக்குக் குடுக்கறோம்னு நெனச்சுத்தான் தங்கச்சியக் குடுத்தோம். பாத்தா, தடவிக் குடுக்கறவரு!" என்பார், நாலு பேர் இருக்கிற இடமாகப் பார்த்து.

அந்த மச்சான் ஒரு நாள் மாடியேறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"என்ன மாப்ளே, ஒரு மாசமா இடுப்புக்கு மேல குடையுது. அலைன்மென்ட் போயிடுச்சு போல. நிமித்தி விடு."

"குனிஞ்சா வலி கூடுதா மச்சான்?"

"இல்ல."

"நிமிர்ந்தா? திரும்பினா?"

"இல்ல."

"படுத்தா குறையுதா?"

"அது பாட்டுக்கு அது இருக்கு. நான் குனிஞ்சா அதுக்கென்ன, நிமிர்ந்தா அதுக்கென்ன?"

அந்தப் பதிலிலேயே எல்லாம் இருந்தது. மூட்டு வலியோ தசை வலியோ ஆளோடு சேர்ந்து அசையும்; குனிந்தால் ஒன்று சொல்லும், நிமிர்ந்தால் ஒன்று சொல்லும். எதற்கும் அசையாத வலி முதுகில் வாடகைக்கு இருக்கிற வலி; அதன் சொந்த வீடு வேறெங்கோ. சோப்பு அதைக் கேட்டார். ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மச்சானின் பனியன் உரிந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் வியர்வை, சிகரெட், டயர் ரப்பர், காலையில் தின்ற பச்சை வெங்காயம் எல்லாம் ஒரே நேரத்தில் அறைக்குள் நுழைந்தன. கேட்டது காதோடு நின்றுவிட்டது.

அன்றும், அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் மச்சானைக் குப்புறப் போட்டு முதுகை மட்டும் பார்த்தார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முங்குநீச்சல்காரர் மாதிரி வேலை செய்தார். மூன்று முறையும் தாளில் டிக் போட்டார். வயிறு: இயல்பு.

வலி குறையவில்லை.

"ஒரு சத்தம்கூட வரலியே மாப்ளே. நட்டு கழட்டினாலே 'டக்'குனு ஒண்ணு கேக்கும். மூணு வாரமா நீ என்ன பண்ணிக்கிட்டிருக்க, தூசி தட்டறியா?"

இங்கே அடுத்த அறைக்காரரைச் சொல்லியாக வேண்டும். கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர். அதே படிப்பு, அதே பட்டம். ஆனால் ஊர் அவரை அறிந்தது 'சொடக்கு' என்று. கழுத்தை ஒரு திருப்பு, 'டக்'. இடுப்பை ஒரு முறுக்கு, 'டட்டட்டக்'. சட்டைக் காலரில் கடுகளவு மைக்கை மாட்டி, அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து, வீடியோவாகப் பரப்புவார். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். சிலர் அதைக் கேட்டால்தான் தூக்கம் வருகிறது என்று எழுதியிருந்தார்கள்.

மூட்டுக்குள் இருக்கிற திரவத்தில் வாயு குமிழாக வெளிவருகிற சத்தம்தான் அது. எலும்பு எங்கும் இடம் பெயர்வதுமில்லை, திரும்பி வந்து உட்காருவதுமில்லை. செய்ய வேண்டியவருக்குச் செய்தால் இறுக்கம் கொஞ்சம் தளரும், அவ்வளவே. "ஆக, ஜனங்க காசு குடுத்துக் கேக்கறது மூட்டு விடற ஏப்பத்த" என்பார் சோப்பு. மச்சானின் ஏப்பத்தையாவது யாரும் பதிவு செய்து ரசிக்கவில்லை. சொடக்கின் அறையிலிருந்து 'டக்' என்று கேட்கும்போதெல்லாம் இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு முகம் சுளித்துக்கொள்ளும்.

சோப்புக்கு வார விடுமுறை நாள். சமையலறையில் குழாயின் கழுத்தில் படிந்த உப்பை, சோப்பு நுரையில் தோய்த்த பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஓய்வு என்றால் அதுதான். கூடத்தில் மனைவி தன் அண்ணியோடு போனில் பேசி, விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஏங்க, இந்தக் கூத்தக் கேளுங்க. அண்ணன் மல்லாக்கப் படுத்து டிவி பாப்பாரில்ல, ரிமோட்ட வயித்து மேல வெச்சுக்கிட்டு? அது குதிக்குதாம்!"

"எது குதிக்குது?"

"ரிமோட்டுதான். டிக் டிக்குனு, மேல கீழ மேல கீழ. அண்ணி கடியாரத்த வெச்சு எண்ணியே பாத்திருக்காங்க. பேத்தி அது மேல பொம்மைய நிக்க வெச்சு டான்ஸ் ஆட விடுதாம். வீடே சிரிக்குது."

பிரஷ் நின்றது.

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசமா இருக்குமாம். ஏன், கொழுப்புதானே?"

"மச்சான் இப்ப எங்க?"

மனைவி கொஞ்சம் தயங்கினாள். "உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. உங்க கிளினிக்லதான். அந்தச் சொடக்குத் தம்பிகிட்ட. பதினோரு மணிக்கு. நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்..."

மணி பதினொன்று ஆகிவிட்டிருந்தது.

முதுகெலும்புக்கு முன்னால், வயிற்றுக்குள், உடம்பின் மிகப் பெரிய ரத்தக்குழாய் இறங்குகிறது. வயதான சில ஆண்களுக்கு, அதுவும் புகை பிடித்தவர்களுக்கு, அதன் சுவர் தளர்ந்து ஒரு இடத்தில் புடைத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் சத்தமே போடாது. பிறகு முதுகில், குனிந்தாலும் நிமிர்ந்தாலும் மாறாத ஒரு வலி. மேலே வைத்த பொருளைத் துள்ள வைக்கிற துடிப்பு. அப்புறம் ஒரு நாள் வெடிக்கும். வெடித்தவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பார்ப்பதில்லை. அந்த நிலையில் இருக்கிற ஒருவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, வயிற்றோடு சேர்த்து முறுக்கி, மேலே ஏறி அழுத்தினால்? அதற்குத்தான் மச்சான் நேரம் குறித்துக்கொண்டு போயிருந்தார்.

கிளினிக்குக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எடுக்கமாட்டார்கள் என்பது அவருக்கே தெரியும். சொடக்கு பதிவு செய்கிற நேரத்தில் போன்களையெல்லாம் ஊமையாக்கி வைப்பது அங்கே விதி. சத்தம் பதிவாக வேண்டுமென்றால் வேறு சத்தம் கூடாது. மச்சானின் போனும் அப்படியே.

ஓடினார். பன்னிரண்டு நிமிட நடை. அரைக்கால் சட்டையும் குளியலறைச் செருப்புமாக, கையில் நுரையோடு. கையைத் துடைக்காமல் அவர் வீட்டு வாசலைத் தாண்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. தெருவில் தெரிந்தவர் ஒருவர், "என்ன டாக்டர், சோப்போடயே கிளம்பிட்டீங்க?" என்று கேட்டார். வாய் நழுவிப் பட்டப்பெயரைச் சொல்லிவிட்டோமே என்று அந்த மனுஷர் நாக்கைக் கடித்துக்கொண்டது இவருக்குத் தெரியாது. இவருக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று டிக். ஒவ்வொரு அடிக்கும் ஒன்று, இரண்டு, மூன்று; மறுபடி ஒன்று. அந்த நேரத்தில் மச்சானைவிட, நைலான் காலுறையைவிட, ஓட்டைக்குக் கீழிருக்கும் செய்தித்தாளைவிட அருவருப்பாக இருந்தது அவருடைய சொந்தக் கையெழுத்து.

தொட்டிக் கடையைக் கடந்து மாடிப்படி ஏறினார். வரவேற்பு மேசையிலிருந்த பெண் உதட்டில் விரல் வைத்து, "சார், ஷ்ஷ், ரெக்கார்டிங்..." என்று கிசுகிசுத்தாள். அவளையும், கதவில் தொங்கிய 'அமைதி' அட்டையையும் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

மச்சான் ஒருக்களித்துக் கிடந்தார். மேல் முழங்கால் மடங்கியிருந்தது. சொடக்கின் ஒரு கை மச்சானின் தோளில், ஒரு முன்கை இடுப்பில். பூட்டுப் போட்டாகிவிட்டது, ஒரு தள்ளு பாக்கி.

"கைய எடு!"

சொடக்கு திடுக்கிட்டுக் கையை எடுத்தார். "சார், ரெக்கார்டிங் ஓடிக்கிட்டிருக்கு..."

"வந்துட்டாரு பாரு" என்றார் மச்சான், அசையாமல். "தன்னால ஆகாததை இன்னொருத்தன் பண்ணிடுவானேன்னு வயித்தெரிச்சல். தம்பி, நீ போடு."

"மச்சான், மெதுவா மல்லாக்கப் படுங்க."

"எதுக்கு?"

"வயித்தப் பாக்கணும்."

"முதுகு வலிக்கு வயிறா? பங்ச்சர் டயர்ல இருக்கு, நீ கண்ணாடிய தொடைக்கப் போறியா?"

"படுங்க மச்சான்!"

இருபத்திரண்டு வருடத்தில் மாப்பிள்ளை குரலை உயர்த்தி மச்சான் கேட்டதில்லை. ஆச்சரியத்திலேயே புரண்டு படுத்தார். சோப்பு பனியனைத் தூக்கினார்.

இருந்தது. தாராளமாக இருந்தது. நரைமயிர் வியர்வையில் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கால்சட்டைப் பட்டை அழுத்திய இடத்தில் சிவந்த தடம். அதன் மேல் சொறிந்த கோடுகள். தொப்புளுக்குள் பிஸ்கட் துணுக்கும் பஞ்சும் சேர்ந்து உருண்டை கட்டியிருந்தன. மூச்சு விடும்போது முழுவதும் தளும்பியது. தளும்பும்போது உள்ளே ஏதோ களக்கென்றது. சோப்புக்குத் தொண்டைக்குழியில் புளித்தது. விழுங்கிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் தொப்புளுக்கு மேலே இரு பக்கமும் மெல்ல வைத்தார்.

தோல் சூடாக, ஈரமாக இருந்தது. அதற்குக் கீழே கொழுப்பு. அதற்கும் கீழே, அது. ஒரு ஆரஞ்சுப் பழம் அளவுக்கு. துடித்தது. மேலே மட்டும் எழுந்து அமரவில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு கைகளையும் ஒன்றைவிட்டு ஒன்று விலக்கித் தள்ளியது.

கையை எடுத்தார்.

"மச்சான், ஒரு கேள்வி. வண்டி ஒண்ணு கடைக்கு வருது. டயர் ஓரத்துல முட்டை மாதிரி புடைச்சிருக்கு. என்ன பண்ணுவீங்க?"

"கழட்டிருவேன்."

"காத்து ரொப்பித் தரச் சொன்னா?"

"செருப்பால அடிப்பேன். உள்ள இழை அறுந்து போயிருக்கும். தட்டக்கூடக் கூடாது. ஒரு கிலோமீட்டர் ஓட விடமாட்டேன், வெடிச்சா குடும்பமே..." மச்சான் நிறுத்தினார். தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். "ரிமோட்டா?" என்றார், சின்னக் குரலில்.

"ஆமா மச்சான். அசையாம இருங்க. ஆம்புலன்ஸக் கூப்பிடறோம்."

வரவேற்புப் பெண் போனை எடுத்துக்கொண்டு ஓடினாள். சொடக்கு மேசையிலிருந்த கோப்பைப் புரட்டிக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"சார்" என்றார் மெதுவாக. "நான் வழக்கமா வயிறு பாக்காம முறுக்க மாட்டேன் சார். சத்தியமா. இதுல நீங்க மூணு தடவ 'இயல்பு'ன்னு போட்டிருந்தீங்க. நீங்க பாத்தத நான் ஏன் திரும்பப் பாக்கணும்னு..."

சுவருக்கு இந்தப் பக்கமிருந்து இவர் இத்தனை நாளாக முகம் சுளித்துக் கேட்ட சத்தக்காரன் வயிறு பார்க்கிறவனாக இருந்தான். முகம் சுளித்தவர் பார்க்காமல் எழுதுகிறவராக இருந்தார். அதைக் காலரில் இருந்த மைக் துல்லியமாகப் பதிவு செய்துகொண்டிருந்தது.

"அத அழிச்சிடறேன் சார்" என்றார் சொடக்கு, காலரைத் தொட்டு. அந்தப் பெருந்தன்மைதான் சோப்புக்கு எல்லாவற்றையும்விட குமட்டியது.

மறுநாள் காலையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. புடைத்த இடத்துக்குள் செயற்கைக் குழாய் வைத்துத் தைத்தார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் அறுவை மருத்துவர். யார் கண்டுபிடித்தது என்று கேட்டு, கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கைகூட வியர்த்துத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எட்டு நாள் சோப்பு வீரனாக வாழ வேண்டியிருந்தது. மச்சானின் மனைவி அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அண்ணே, இது கையில்ல, தெய்வம்" என்று அழுதாள். கண்ணீரும் சளியும் அதே கையில் இறங்கின. மனைவி அக்கம்பக்கத்திலெல்லாம், "வெறும் ரிமோட்ட வெச்சே கண்டுபுடிச்சுட்டாரு" என்று சொல்லி வைத்தாள். கீழ்க் கடைக்காரர் ஒரு தொட்டியை இலவசமாகத் தருகிறேன் என்றார். ஒவ்வொரு புகழ்ச்சியும், ஊறிய காகித விரிப்பு மாதிரி முதுகில் ஒட்டிக்கொண்டது. கழுவினார். போகவில்லை.

ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில், மச்சானின் கட்டிலருகே யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்தார்.

"மச்சான், ஒண்ணு சொல்லணும். மூணு தடவ வந்தீங்களே, மூணு தடவயும் நான் உங்க வயித்தத் தொடல. தொட்டதா எழுதினேன். முதல் நாளே தொட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். உங்கள நான் காப்பாத்தல. கொல்லப் பாத்தேன்."

மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். மூக்கில் செருகியிருந்த குழாய் சீறியது.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"என் வயிறுய்யா அது. யாராவது தொட்டா எனக்குத் தெரியாதா? அந்தப் பையன் தாளப் படிச்சப்பவே புரிஞ்சுது."

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா அடுத்து என்ன கேப்பாங்க? ஏன் தொடலன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?" மச்சான் கூரையிலிருந்து கண்ணை எடுத்து மாப்பிள்ளையைப் பார்த்தார். "உன்கிட்ட வர்றதுக்கு முன்னாடி மூணு தடவயும் ரெண்டு நாள் குளிக்கல மாப்ளே. வேணும்னேதான். பச்ச வெங்காயம் தின்னுட்டு வருவேன். நீ மூச்சப் புடிச்சுக்கிட்டு மொகத்த ஒரு மாதிரி வெப்பியே, அதப் பாக்கத்தான். மொகம் வைக்கற ஓட்டை வழியா உன் கால்தான் தெரியும். அந்தக் கால் ரெண்டும் தவிக்கிற தவிப்பு இருக்கே..." சிரிக்கப் போனார், தையல் இழுத்தது. "அம்மா!" என்று முனகினார்.

ஒருவன் நாறினான், ஒருவன் மூக்கைப் பொத்தினான். நடுவில் ஒரு உயிர் போகப் பார்த்தது. யார் யாரை மன்னிப்பது என்று முடிவு செய்ய இருவருக்குமே தகுதி போதவில்லை. மச்சான் கடைசியில் போர்வையை விலக்கி, கட்டுப் போட்ட வயிற்றைக் காட்டினார்.

"தொட்டுப் பாரு. இங்க நர்சு தினமும் ஸ்பிரிட்டுல தொடைக்குது. இதவிட சுத்தமா கிடைக்காது."

தொட்டார். துடிப்பு அடங்கியிருந்தது. பிறகு அறை மூலையில் இருந்த தொட்டிக்குப் போய்க் கையைக் கழுவினார். "பாத்தியா, பாத்தியா!" என்றார் மச்சான் பின்னாலிருந்து, வெற்றிக் களிப்போடு.

கிளினிக்குக்குத் திரும்பிய சோப்பு, கோப்பு அலமாரியைத் திறந்தார். முதுகு வலி என்று வந்தவர்கள், ஐம்பது வயது தாண்டியவர்கள், புகை பிடித்தவர்கள். இருநூற்றுப் பதினோரு பேர். அத்தனை பேரின் தாளிலும் அந்த டிக். வரவேற்புப் பெண்ணிடம் கொடுத்து, ஒவ்வொருவராகக் கூப்பிடச் சொன்னார்.

"என்னன்னு சொல்றது சார்?"

"வயித்தப் பாக்க மறந்துட்டேன்னு சொல்லு."

"எல்லாருக்குமா சார்?"

"எல்லாருக்கும்தான்."

சிலர் திட்டினார்கள். சிலர் சிரித்தார்கள். இரண்டு பேர் முன்பே வேறு காரணங்களால் இறந்து போயிருந்தார்கள். அந்தக் காரணங்களை அவர் துருவித் துருவி விசாரித்தார். ஒருவருக்கு லாரி விபத்து, இன்னொருவருக்கு நுரையீரல். மற்றவர்கள் வந்தார்கள். இரண்டு மாதம் வயிறு பார்த்தார். உப்பியவை, தொங்கியவை, தழும்பேறியவை, கை வைத்ததும் கூச்சத்தில் குலுங்கிச் சிரித்தவை. சாப்பிட்ட கையோடு வந்த ஒருவர், அமுக்கியதும் அவர் முகத்துக்கு நேராக ஏப்பம் விட்டு, "சாரி டாக்டர்" என்றார். பழகிப்போகும் என்று சொல்பவர்கள் யாரும் வயிறு பார்த்தவர்களில்லை. இருநூற்றொன்பதாவது வயிறும் முதல் வயிறு மாதிரியேதான் குமட்டியது.

ஒன்றிலும் ஒன்றுமில்லை. இருநூற்றொன்பதும் இயல்பு. பதினாறு வருடமாகத் தொடாமல் எழுதிய பொய்யெல்லாம், மச்சானுடையதைத் தவிர, உண்மையாகவே இருந்திருக்கிறது. அதைக் கேட்டு மனைவி, "அப்பாடா" என்றாள். அவருக்கோ அதைவிட அருவருப்பான செய்தி வேறு இருக்க முடியாது என்று தோன்றியது. பொய் இப்படி விடாமல் பலித்துக்கொண்டே இருந்ததால்தானே பேனா அவ்வளவு சரளமாக ஓடியது?

ஒவ்வொரு தாளிலும் பழைய டிக்கைக் கோடு போட்டு அடித்தார். அதற்குக் கீழே, தேதியிட்டு, அதே வார்த்தையைக் கையால் எழுதினார்: இயல்பு. எழுதிவிட்டுக் கழுவப் போனார். முன்பு ஆளுக்கு இரண்டு முறை கழுவியவர், இப்போது மூன்று முறை கழுவுகிறார். மூன்றாவது முறை, வயிற்றுக்காக.